போர் விமானத்தில் விமானியின் இருக்கை காலியாகுமா? – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. பட்டர்வொர்த் விமானத் தளம் தொலைவில் இல்லாததால், தோட்டத்து வானில் போர் விமானம் பறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே அதிகம். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவன். செம்பனைக் காட்டில் ஆட்கள் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு மருந்தடித்த இடத்தில் இப்போது டுரோன் வந்து அடித்துவிட்டுப் போகிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி படிவம் ஐந்தில் படிக்கிறாள். விமானப் படையில் சேர்ந்து போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. “இன்னும் பத்து வருஷத்தில் போர் விமானத்துக்கு ஆளே தேவைப்படாது, எல்லாம் டுரோன்தான்” என்று என் மகன், அதாவது அவள் மாமா, சொல்கிறான். பிள்ளையின் ஆசைக்கு நான் தைரியம் சொல்லலாமா? (ஓய்வு பெற்ற மண்டோர், பீடோங்)

பதில்: ஐயா, தாராளமாகத் தைரியம் சொல்லுங்கள். உங்கள் மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போர் விமானங்கள் செய்துவந்த வேலைகளில் பல ஒவ்வொன்றாக ஆளில்லா விமானங்களிடம் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் போக்கு நிற்கப்போவதில்லை. ஆனால் பத்து ஆண்டுகளில் விமானியே இல்லாமல் போய்விடுவார் என்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் தோட்டத்தில் மருந்தடிப்பவரின் வேலையை டுரோன் எடுத்துக்கொண்ட பிறகும், எந்த பிளாக்குக்கு எந்த மருந்து, எப்போது, மழை வருமா வராதா என்று பார்த்து முடிவு செய்பவர் இன்னும் இருக்கிறார் அல்லவா? வானிலும் வேலைகள் அப்படித்தான் பிரிந்துகொண்டிருக்கின்றன.

செய்திகளில் நாம் காணும் ஆளில்லா விமானங்கள் எல்லாம் ஓரினம் அல்ல. உக்ரைன் போரில் வெடிகுண்டைச் சுமந்துகொண்டு டாங்கியின் மேல் போய் விழும் சிறு டுரோன்கள், பீரங்கிக் குண்டின் வேலையைச் செய்பவை. போர் விமானத்தோடு அவற்றுக்குப் போட்டியே இல்லை. இரண்டாவது இனம் அமெரிக்காவின் பிரிடேட்டர், ரீப்பர் போன்றவை. பிரிடேட்டர் 1994இல் முதன்முதலாகப் பறந்தது; 2001இல் ஆப்கானிஸ்தானில் ஏவுகணை தாங்கித் தாக்கத் தொடங்கியது. அதன் பின்வந்த ரீப்பர் ஒரு நாளுக்கும் மேலாக வானிலேயே சுற்றிக்கொண்டிருக்க வல்லது. எந்த விமானியின் உடலும் அதைத் தாங்காது. ஆனால் அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர்தான். ஒலியை விட வேகமாகப் பாயும் போர் விமானத்தின் முன் அது நிராயுதபாணியைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. 2002 டிசம்பரில் ஈராக் வானில் ஒரு பிரிடேட்டரும் ஈராக்கின் மிக்-25 போர் விமானம் ஒன்றும் ஒன்றையொன்று நோக்கி ஏவுகணை வீசின, வீழ்ந்தது பிரிடேட்டர். 2023 மார்ச்சில் கருங்கடலுக்கு மேல் ரஷ்யப் போர் விமானம் ஒன்று மோதியதில் சுழல்விசிறி சேதமடைந்த ரீப்பர் கடலில் இறக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் ஏமனில் ஹவுதிப் படையினர் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ரீப்பர்களைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். எதிரிக்கு விமானமோ ஏவுகணையோ இல்லாத வானில்தான் இவ்வினம் கொடிகட்டிப் பறந்தது.

உங்கள் மகன் மனத்தில் வைத்திருப்பது மூன்றாவது இனமாக இருக்க வேண்டும்: ஜெட் எஞ்சின் பூட்டி, ரேடாருக்கு எளிதில் சிக்காத உடலமைப்போடு, போர் விமானத்தின் இடத்திலேயே நின்று போரிடக் கருதிச் செய்யப்படுபவை. இங்கே கனவு பெரிது, பயணம் மெதுவானது. 2013இல் எக்ஸ்-47பி என்ற அமெரிக்க ஆளில்லா விமானம், ஓடிக்கொண்டிருக்கும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் தானாகவே வந்து இறங்கியது. விமானிகளே அஞ்சும் வேலை அது. ஆயினும் அந்தத் திட்டம் போர் விமானமாக வளரவில்லை. அதன் அனுபவத்தைக் கொண்டு அமெரிக்கக் கடற்படை கேட்டது, மற்ற விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் ஊட்டும் எம்.க்யூ-25 என்ற விமானத்தை. அதே காலத்தில் பறந்த பிரிட்டனின் தாரானிஸும், பிரான்ஸ் தலைமையில் உருவான நியூரானும் சோதனை விமானங்களாகவே நின்றுவிட்டன.

அண்மையில் வேகம் கூடியிருப்பதை மறுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் போயிங் உருவாக்கி 2021இல் முதன்முதலாகப் பறந்த கோஸ்ட் பேட், துருக்கியின் பைக்கார் நிறுவனம் உருவாக்கி 2022இல் பறந்த கிசிலெல்மா ஆகிய இரண்டும் 2025இன் இறுதியில், சோதனை வானில் இலக்கு விமானத்தை ஏவுகணையால் வீழ்த்திக் காட்டின. அமெரிக்கா 2024 ஏப்ரலில் இரு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்யச் சொன்ன துணைப் போர் விமானங்கள் 2025இல் வானேறின. ஆனால் அவை எதற்காக என்று பாருங்கள். விமானி ஓட்டும் விமானத்தின் பக்கத்தில் பறந்து, கூடுதல் ஏவுகணைகளைச் சுமந்து, ஆபத்தான பக்கம் முதலில் நுழைந்து பார்ப்பதற்காக. ஒன்றின் விலை, விமானி ஓட்டும் எஃப்-35 போர் விமானத்தின் விலையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருக்க வேண்டும் என்பது திட்டமிட்டவர்களின் இலக்கு. இவற்றையெல்லாம் கையில் வைத்திருக்கும் அதே அமெரிக்கா, 2025 மார்ச்சில் தன் அடுத்த தலைமுறைப் போர் விமானமான எஃப்-47ஐ அறிவித்தபோது அதில் விமானிக்கு இருக்கை வைத்தே அறிவித்தது. பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லாத ஒரு நாடு எடுத்த இந்த முடிவு, எவருடைய ஆரூடத்தை விடவும் எனக்குக் கனமான சான்றாகத் தெரிகிறது.

விமானியின் காலம் முடிந்தது என்று சொல்வது இது முதல் முறையும் அல்ல. நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே 1957இல், பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஏவுகணைகள் வந்துவிட்டதால் விமானி ஓட்டும் போர் விமானங்களின் தேவை மறைந்துவிடும் என்று கருதிப் பல விமானத் திட்டங்களை நிறுத்த வழிவகுத்தது. பிரிட்டனின் வானை இன்றும் விமானிகள்தான் காவல் காக்கிறார்கள்.

கேள்வி: 2020இல் செயற்கை நுண்ணறிவு, அனுபவமுள்ள எஃப்-16 விமானியை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றதாகப் படித்தேன். மனித உடல் தாங்காத திருப்பங்களை இயந்திரம் தாங்கும். பிறகு விமானிக்கு என்ன மேன்மை மிச்சம் இருக்கிறது? (தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், பீடோங்)

பதில்: தம்பி, நீங்கள் படித்தது உண்மைதான். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பா அந்த ஆகஸ்டில் நடத்திய போட்டியில் ஹெரான் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் கணினி நிரல் ஐந்து சுற்றிலும் வென்றது. அது கணினித் திரையில் நடந்த போட்டி என்பதோடு, எதிரி எங்கே, எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறார் என்ற தகவல் முழுவதும் பிழையின்றி நிரலுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு 2023இல், மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16 ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு ஓட்ட, அதை எதிர்த்து இன்னோர் எஃப்-16ஐ விமானி ஓட்ட, உண்மையான வானிலேயே மோதல் பயிற்சி நடந்தது. பாதுகாப்புக்காக அந்த இயந்திர விமானத்திலும் விமானிகள் அமர்ந்திருந்தார்கள். ஆனால் பயிற்சி நடந்தபோது கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. 2024 மே மாதத்தில் அமெரிக்க விமானப் படைச் செயலாளர் ஃபிராங்க் கெண்டல் தாமே அதில் ஏறிப் பறந்து பார்த்தார். இதை நான் சிறு சாதனையாகக் கருதவில்லை.

உடல் தாங்குவது பற்றிய உங்கள் கூற்றும் சரி. நல்ல பயிற்சியும் அழுத்த உடையும் இருந்தாலும், புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசைக்கு மேல் விமானியின் மூளைக்கு இரத்தம் ஏறுவது கடினம். இருக்கை, உயிர்க்காற்று, அவசரகாலத்தில் வெளியே வீசும் கருவி இவையெல்லாம் எடையையும் இடத்தையும் விழுங்குகின்றன. ஆனால் இன்றைய விமானப் போர் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத தொலைவிலேயே, ரேடாரையும் நெடுந்தூர ஏவுகணையையும் கொண்டு முடிந்துவிடுகிறது. அங்கே யார் கூர்மையாகத் திரும்புகிறார் என்பதை விட, திரையில் தெரியும் புள்ளி யார், அது எதற்காக வருகிறது என்று யார் சரியாக அறிகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

தூரத்தில் இருந்துகொண்டே மனிதர் ஓட்டலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். பூமியோடு சேர்ந்து சுற்றும் தகவல்தொடர்புத் துணைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் கேமரா கண்டது துணைக்கோளுக்கு ஏறி, தரைக்கு இறங்கி, தரையில் இருப்பவரின் கட்டளை அதே வழியில் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே அரை வினாடி போகிறது. படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு வினாடியைத் தாண்டும். வினாடிக்கு 300 மீட்டர் போகும் விமானத்துக்கு அது பெரிய இடைவெளி. மேலும் எதிரி முதலில் முடக்கப் பார்ப்பது அந்த அலைவரிசையைத்தான். உக்ரைனில் இரு தரப்பும் டுரோன்களின் அலைவரிசையை முடக்கி முடக்கி, கடைசியில் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கும் டுரோன்கள் வரும் நிலை ஏற்பட்டது. குறுகிய தூரத்துக்கு அந்த உபாயம் உதவும். போர் விமானம் போகும் தொலைவுக்கு உதவாது.

ரஷ்யாவின் ஓகோட்னிக் இதற்குப் பொருத்தமான சான்று. பல டன் எடையுள்ள, ரேடாருக்குச் சிக்காத அந்த ஆளில்லா விமானம் 2024 அக்டோபரில் உக்ரைனின் கிழக்கே, கட்டுப்பாட்டை இழந்ததாகக் கருதப்படும் நிலையில், தன்னோடு பறந்த ரஷ்யப் போர் விமானத்தாலேயே சுட்டு வீழ்த்தப்பட்டது. எதிரியின் கையில் முழுதாகச் சிக்கிவிடக் கூடாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் ஆர்.க்யூ-170 உளவு விமானம் ஈரானிடம் அப்படித்தான் சிக்கியது.

ஆகவே தொடர்பு அறுந்தாலும் தானே முடிவெடுக்கும் இயந்திரம்தான் தேவை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம். உங்கள் கேள்வியின் முழு எடையும் அந்த இடத்தில் இருக்கிறது. அடுத்து வந்த கடிதமும் அதையே கேட்கிறது.

கேள்வி: ஓர் இயந்திரம் தானே முடிவு செய்து மனித உயிரைப் பறிப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. மனிதர் ஒருவர் இருந்தால் தவறு நேராது என்று நம்பலாமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பீடோங்)

பதில்: அம்மா, உங்கள் பதற்றத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் மனிதர் இருந்தால் தவறு நேராது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டார் எவரும் மறக்க முடியாத எம்.எச்.17 பயணிகள் விமானத்தை 2014 ஜூலை 17 அன்று உக்ரைனின் கிழக்கே வீழ்த்தி 298 பேரைக் கொன்றது, மனிதர்கள் இயக்கிய பூக் ஏவுகணை. அந்த ஏவுகணை வண்டியில் இருந்தவர்கள் ரேடார் திரையில் ஒரு புள்ளியை மட்டுமே பார்த்திருப்பார்கள். சரி, விமானி ஒருவர் அருகில் பறந்து தம் கண்ணால் பார்த்திருந்தால்? 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை 269 பேருடன் சுட்டு வீழ்த்திய சோவியத் விமானி, அதன் விளக்குகளையும் இரண்டு வரிசை ஜன்னல்களையும் பார்த்ததாகப் பல ஆண்டுகளுக்குப் பின் பேட்டியில் சொன்னார். கண்டும் கட்டளைப்படி சுட்டார்.

தானியங்கியின் கதையும் இதை விட நன்றாக இல்லை. 2003இல் ஈராக் போரின்போது அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தைத் தன்னைத் தாக்க வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அதன் பக்கத்தில் இருந்த மனிதர்களுக்கு அதை மறுத்துச் சொல்லப் போதிய நேரமும் இல்லை, போதிய தகவலும் இல்லை. விமானிகள் இருவரும் மாண்டனர். சில நாள்களில் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றும் அதே விதமாக வீழ்ந்தது. பெயருக்கு ஒரு மனிதரைப் பொத்தானின் பக்கத்தில் உட்கார வைத்தால் போதாது. யோசிக்க நேரமும், மறுக்க அதிகாரமும், பார்க்க வழியும் அவருக்கு இருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு சம்பவங்களிலிருந்து நான் கற்றுக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும் நான் மனிதரின் பக்கம் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. மனிதர் தவறு செய்தால் அவரைக் கூண்டில் நிறுத்தலாம். எம்.எச்.17 வழக்கில் 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் நேரில் வராத நிலையிலும், ஆயுள் தண்டனை விதித்தது. நிரல் ஒன்று தானே சுட்டிருந்தால் தீர்ப்பு யார் மேல் எழுதப்பட்டிருக்கும்? எழுதியவர் மேலா, விற்றவர் மேலா, வானில் அனுப்பிய தளபதி மேலா? இதற்குத் தெளிவான பதில் இல்லாதவரை, கொல்லும் முடிவை இயந்திரத்திடம் ஒப்படைப்பது குற்றத்தை யாருக்கும் சொந்தமில்லாததாக ஆக்கிவிடும். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள், தானே இயங்கும் ஆயுதங்களைப் பற்றி உடனடியாகக் கவலைகொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்தன. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் மட்டும் அதனால் பிறந்துவிடவில்லை.

போர் இல்லாத நாளில் போர் விமானம் செய்யும் வேலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 மே 31 அன்று சீன விமானப் படையின் 16 போக்குவரத்து விமானங்கள் அணிவகுத்துச் சரவாக் கடற்பகுதியை நோக்கி வந்தன. வானொலி அழைப்புக்குப் பதில் இல்லை. அரச மலேசிய விமானப் படை லாபுவானிலிருந்து ஹாக் விமானங்களை அனுப்பியது. நம் விமானிகள் நெருங்கிப் போய், வருபவை என்ன என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து திரும்பினார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எவ்வளவு நெருங்கலாம், எப்போது விலகலாம், எதிரில் இருப்பவர் மிரட்டுகிறாரா, வழி தவறினாரா என்பதை அந்த இடத்திலேயே எடைபோட்டு, ஒரு நாட்டின் பெயரால் அளவோடு நடந்துகொள்ளும் அந்த வேலைக்கு இன்றுள்ள எந்த ஆளில்லா விமானத்தையும் நான் நம்பி அனுப்பமாட்டேன்.

கேள்வி: விமானியே இல்லை என்றால் விமானம் விழுந்தாலும் உயிர்ச் சேதம் இல்லை. அதனால் போர் குறையாதா? (மளிகைக் கடைக்காரர், பீடோங்)

பதில்: ஒரே ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2019 பிப்ரவரி 27 அன்று இந்திய விமானி அபிநந்தன் ஓட்டிய மிக்-21 வீழ்ந்து அவர் பாகிஸ்தானிடம் சிக்கினார். மார்ச் 1 அன்று அவர் வாகா எல்லை வழியாகத் திரும்பும் வரை இரு நாடுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன; தமிழர் வீடுகளில் அந்த இரண்டு நாள்களும் வேறு பேச்சு இல்லை. ஜூன் 20 அன்று ஈரான், அமெரிக்காவின் பெரிய உளவு விமானமான குளோபல் ஹாக்கைச் சுட்டு வீழ்த்தியது. அதில் ஆள் இல்லை. பதிலடிக்கு ஆயத்தமான அதிபர் டிரம்ப், ஆளில்லா விமானத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொல்வது பொருந்தாது என்று சொல்லித் தாக்குதலை நிறுத்தினார்.

உங்கள் கருத்துக்கு இது துணை நிற்கிறது. ஆனால் தம் பிள்ளை திரும்பி வருவானா என்ற அச்சம் இல்லாத அரசு, எல்லை தாண்டி விமானத்தை அனுப்பத் தயங்காது. விமானத்தில் ஆள் இல்லாவிட்டாலும் குண்டு விழும் ஊரில் ஆள் இருக்கிறார். சண்டை முற்றுவதை ஆளில்லா விமானம் சில வேளை தடுக்கும். சண்டையைத் தொடங்குவதையோ அது எளிதாக்குகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: நம் நாடு எதை வாங்குகிறது? அந்தப் பெண்பிள்ளை போன்றவர்கள் எதற்குத் தயாராக வேண்டும்? (இளைஞர் மன்றப் பொறுப்பாளர், பீடோங்)

பதில்: நம் அரசு 2023இல் இரண்டையும் வாங்க ஒப்பந்தம் செய்தது: தென்கொரியாவிடமிருந்து விமானிகள் ஓட்டும் 18 எஃப்.ஏ.-50 விமானங்கள், துருக்கியிடமிருந்து ஆளில்லா அங்கா விமானங்கள் மூன்று. அங்கா கடற்பரப்பைக் கண்காணிக்கும். துரத்திப் போய்ச் சந்திக்கும் வேலை விமானிகளுடையது. ஒரு நாடு போர் விமானம் வாங்கினால் முப்பது ஆண்டுகளாவது வைத்திருக்கும். 1990களில் வந்த ஹாக் விமானங்களும் ஹார்னெட் விமானங்களும் நம்மிடம் எவ்வளவு காலம் பறந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். இன்று படிவம் ஐந்தில் இருக்கும் பெண்ணின் பணிக்காலம் முழுவதற்கும் விமானியின் இருக்கை இருக்கும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் அந்த இருக்கையில் அவர் செய்யும் வேலை மாறும். எஃப்-16 விமானங்களில் 2014 முதல், விமானி மயங்கித் தரையை நோக்கி விழுந்தால் கணினியே விமானத்தை மேலே திருப்பிவிடும் அமைப்பு பொருத்தப்பட்டுப் பலரின் உயிரைக் காத்திருக்கிறது. இனி வரும் விமானி, பக்கத்தில் பறக்கும் ஆளில்லா விமானங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அவை சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தரம் பிரிப்பவராகவும் இருக்க வேண்டியிருக்கும். அதற்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் அடித்தளம். கணினி நிரல் எழுதத் தெரிந்திருப்பது பெரும் பலம்.

பெண் என்பது தடையில்லை. சபாவைச் சேர்ந்த பெட்ரிசியா யாப் நம் விமானப் படையில் மிக்-29 ஓட்டியவர். மண்டோர் ஐயாவின் பேத்தி இப்போதே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளட்டும், படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துக்கும், அதோடு நேரடியாக விமானப் படையின் ஆள்சேர்ப்புக்கும், இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். விமானியாகத் தேர்வாகாமல் போனாலும் ஆளில்லா விமானப் பிரிவு, ரேடார், பொறியியல் என்று அதே படையில் வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் பட்டர்வொர்த் தளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற யாராவது அறிமுகமாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் அவரிடம் ஒரு நாள் அழைத்துப்போய்ப் பேச வையுங்கள்.